மறைந்த தலைமையாசிரியர் நினைவாக ஊர்ப் பள்ளிக்கு 6 லட்சம்: வளைவா, வாளியா?

#1 கீழப்பாவூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 1 முதல் 8 வரை 142 பிள்ளைகள். பாதிக்கு மேல் பீடி சுற்றுகிற வீடுகள், மிச்சம் செங்கல் சூளையும் நூறு நாள் வேலையும். அங்கே நெடுநாள் தலைமையாசிரியராக இருந்த கணக்கு சார் காலமாகிவிட்டார். பழைய மாணவர்கள் 40 பேர் சேர்ந்து 6 லட்சம் திரட்டியாயிற்று.

குழுவில் இப்போதைக்கு ஓடுகிற திட்டம்: வாசலில் சார் பேரில் வளைவு 2.5 லட்சம், மார்பளவுச் சிலை 1 லட்சம், ஸ்மார்ட் டிவி 1 லட்சம், பாக்கி 1.5 லட்சத்தை வங்கியில் போட்டு வட்டியில் எட்டாம் வகுப்பு முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு. 40 பேரில் ஒருவருக்குத் துபாயில் வேலை. அது போக, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய பழைய மாணவர் ஒருவரும் பணம் தர நினைக்கிறார்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், பணத்தை எப்படி வைத்துக்கொள்வது, திட்டத்தில் ஓட்டை எங்கே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

#2 வேம்படி

தம்பி, முதலில் பள்ளி யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் தொடக்கக் கல்வித் துறை. தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) என்று மேலே போகும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கும் பாதையே வேறு, துறை வேறு. இந்த இழையைப் பார்த்து அந்தப் பள்ளிகளுக்குச் செய்ய நினைப்பவர்கள் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போய் அலைய வேண்டாம்.

அதற்கும் முன்னால் போக வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவில் வருகிற குழு அது. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் ஒரு தாயாராக இருப்பார். 2024இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. உங்கள் 40 பேரில் யாராவது அதில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அடுத்த முறைக்கு உள்ளூரில் இருப்பவர் ஒருவரைத் தயார் பண்ணுங்கள். சென்னையில் இருப்பவர் வேண்டாம், கூட்டத்துக்கு வர மாட்டார்.

நடைமுறை இதுதான். "இன்ன வேலைக்கு உதவத் தயார்" என்று தலைமையாசிரியருக்கும் குழுத் தலைவருக்கும் ஒரு பக்கக் கடிதம். மாதக் கூட்டத்தில் அதை வைத்து, பள்ளிக்கு எது முதல் தேவை என்று குழுவே தீர்மானம் போட வேண்டும். அது பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் பதிவாக வேண்டும். நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம். கட்டடம், சுவர், குழாய் என்று நிரந்தரமாக எதைத் தொட்டாலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். தலைமையாசிரியர் வாய்வார்த்தையில் "பண்ணுங்க சார்" என்பார், அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போய்விடுவார். புதிதாக வருபவருக்கு உங்கள் வேலை தலைவலியாகத்தான் தெரியும்.

வளைவும் சிலையும் அரசு நிலத்தில் என்றால் அனுமதி எளிதில் வராது. ஊருக்குள் "எங்க ஆளுக்கு ஏன் இல்ல" என்று ஒரு குரல் கிளம்பினால் அதோடு மொத்தமும் நின்றுபோகும். சார் பேர் இருக்க வேண்டும் என்றால் செய்த வேலையின் மேல் ஒன்றரை அடிக்கு ஓர் அடி கல்வெட்டு போதும். அதையும் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

#3 கொத்தனார் மகன்

வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. 2.5 லட்சத்தில் பாதி மண்ணுக்குள் போய்விடும். இரண்டு தூணுக்கும் அஸ்திவாரம், மேலே கான்கிரீட் உத்தரம், லாரி நுழைகிற உயரம். அதைக் குறைத்துக் கட்டினால் நாலாவது வருஷம் விரிசல். பிள்ளைகள் அதற்குக் கீழேதான் நடக்கும்.

அந்தக் காசைக் கழிப்பறைக்குத் திருப்புங்கள். புதுசாகக் கட்டச் சொல்லவில்லை. இருப்பதைப் பழுது பார்ப்பதுதான் பெரும்பாலும் சரி. கணக்கு: 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, மூன்று சிறுநீர்ப் பிறை என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்து அளவு. 142 பேரில் ஆண் பெண் பாதிப் பாதி என்றால் பக்கத்துக்கு இரண்டு. அனேகமாகக் கட்டடம் இருக்கும், தண்ணீர்தான் இருக்காது.

பகல் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு, 142க்கு 6,390 லிட்டர் வருகிறது. குளியல் இல்லாத நடுநிலைப் பள்ளியில் தலைக்கு 15 லிட்டர் நிஜமாகக் கிடைத்தாலே கழிப்பறை நாறாது, அதாவது சுமார் 2,100 லிட்டர். மேலே ஒற்றை 1,000 லிட்டர் தொட்டி இருந்தால் காலை இடைவேளையோடு காலி. இரண்டு 1,000 லிட்டர் தொட்டியாக வையுங்கள். 2,000 லிட்டரில் ஒன்று வைத்தால் கழுவுகிற அன்றைக்குப் பள்ளிக்கே தண்ணீர் இருக்காது.

கெட்டுப்போகிற இடங்கள் எப்போதும் இவைதான். பிளாஸ்டிக் குழாய்த் திருகு ஆறு மாதத்தில் உடையும், பித்தளை போடுங்கள், திருடு போகாத மாதிரி சுவருக்குள் பதித்து. பிவிசி கதவு கீழ்ப்பக்கம் ஊறிப் பிய்யும், தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி மாட்டுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம், ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கே போகாமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருப்பதற்குப் பாதிக் காரணம் தாழ்ப்பாள். மோட்டார் எரிவது தண்ணீர் இல்லாமல் ஓடுவதாலும் குறைந்த மின்னழுத்தத்தாலும். வறட்டு ஓட்டத்தைத் தானே நிறுத்துகிற ஸ்டார்ட்டர் போட்டால் மோட்டார் பிழைக்கும். ஒரு கழிப்பறையாவது சாய்தளத்தோடு இருக்கட்டும், 1 அடி ஏற 12 அடி நீளம், பக்கத்தில் கைப்பிடி.

பழுது பார்க்கிற செலவு, தொட்டி குழாய் கதவு ஓடு எல்லாம் சேர்த்து 1.2லிருந்து 1.4 லட்சத்துக்குள் அடக்கலாம். மலக்குழி நிரம்பி உடைந்திருந்தால் அது தனி.

#4 கீழப்பாவூர்க்காரன்

நன்றி அய்யா, நன்றி அண்ணாச்சி. குழுவில் இரண்டு பேர் ஆர்ஓ இயந்திரம் வாங்கித் தரலாம் என்கிறார்கள். பள்ளிக்குத் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்தான் வருகிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் கரைந்த உப்பளவு லிட்டருக்கு 210 மில்லிகிராம் காட்டியது.

#5 கொத்தனார் மகன்

210க்கு ஆர்ஓ எதற்கு? குடிநீர்த் தரத்தில் 500 வரை தாராளம். ஆர்ஓ ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக வெளியே தள்ளும், அவ்வப்போது சவ்வு மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டால் இருக்கிற கிருமி உள்ளேயே குடியிருக்கும். உங்கள் தண்ணீருக்குத் தேவை தொட்டியை மாதம் ஒரு முறை கழுவுவதும் குளோரினும், வேண்டுமானால் புற ஊதா விளக்கு வடிகட்டி ஒன்றும். எத்தனையோ பள்ளிகளில் நன்கொடையாளர் பேர் எழுதிய ஆர்ஓ பெட்டி துணி போட்டு மூடி நிற்கிறது. உங்கள் சார் பேரை அதில் எழுதாதீர்கள்.

டிவியும் அப்படியே. அரசே ஸ்மார்ட் வகுப்பறை கொடுத்துவருகிறது. வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

#6 வரவு செலவு

பணம் பற்றி.

இப்போது அந்த 6 லட்சம் யார் கணக்கில் இருக்கிறது? மூன்று பேர் பேரில் கூட்டுக் கணக்கு என்றால் வட்டி முதல் ஆளின் வருமானத்தில் ஏறும். அவருக்கு ஏதாவது ஆனால் வாரிசுச் சான்று கேட்பார்கள். இந்த வாரமே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஒரு தடவை செய்துவிட்டு முடித்துக்கொள்வது என்றால் தனி அறக்கட்டளையே வேண்டாம். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" வழியாக இன்ன பள்ளிக்கு இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கலாம். வரிச் சலுகை ரசீது உண்டு.

வருஷா வருஷம் தொடர வேண்டும் என்றால் பொது அறக்கட்டளை. பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, நிரந்தரக் கணக்கு எண் (பான்), வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித் துறையில் இரண்டு பதிவுகள்: அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தருவது (1961 சட்ட எண்ணில் 12ஏபி), நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தருவது (80ஜி). சங்கமாகப் பதிவு செய்தால் 1975 சட்டப்படி குறைந்தது 7 பேர், வருடாந்திரப் பேரவை, அதன் படிவங்கள். 40 பேர் வெவ்வேறு ஊரில் இருக்கும்போது அறக்கட்டளை லேசு.

பத்திரத்தில் பலர் விடுகிற மூன்று வரிகள். அறங்காவலர் விலகினால் இன்னொருவர் எப்படி வருவார். பள்ளி மூடப்பட்டாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டாலோ பணம் எந்தப் பிள்ளைகளுக்குப் போகும் (பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிற இடங்களில் இது நிஜமான கேள்வி). அறக்கட்டளை கலைந்தால் மிச்சம் அதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்கு.

80ஜி பதிவு வருவதற்கு முன் வாங்கிய நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினாலும் கிடையாது. நன்கொடை விவர அறிக்கையை வருமான வரி இணையதளத்தில் மே 31க்குள் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் நன்கொடைச் சான்று எடுத்துக் கொடுக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு 80ஜியால் பயனே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்ச் மாதம் வந்து சண்டை போடுவார்கள்.

"இது முதலாக இருக்கட்டும், வட்டியை மட்டும் செலவழியுங்கள்" என்று கொடுப்பவர் அதைக் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் அதை மூலநிதியாகக் காட்ட முடியாது.

துபாய் நண்பர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாகக் கொடுக்கலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான், ரூபாயாகக் கொடுத்தாலும், ஊருக்கு வந்திருக்கும்போது கையில் கொடுத்தாலும். அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். புதிய சிறு அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு கிடைக்காது, மூன்று வருஷச் செயல்பாடு கேட்பார்கள். தம்பி கணக்கில் போட்டு அவர் பேரில் கொடுக்கிற குறுக்கு வழியை யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள், அறக்கட்டளை மொத்தமும் மாட்டும்.

#7 மேற்கு மாடவீதி

எல்லாம் சரி. ஆனால் கழிப்பறையும் தண்ணீரும் அரசு கொடுக்க வேண்டியது. நாம் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 142 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருஷம் 50,000 உண்டு, நூலகத்துக்குத் தனி, விளையாட்டுக்குத் தனி. அதைக் கேட்டு வாங்குவதுதான் சாருக்கு மரியாதை. நன்கொடை அல்ல.

#8 வேம்படி

மாடவீதியார் சொல்வதை ஒதுக்க முடியாது. 101 முதல் 250 பிள்ளைகள் வரை 50,000 என்பது சரி, அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும் என்பதும் விதி. ஆனால் மின்கட்டணம், சுண்ணாம்பு, பதிவேடு, சில்லறைப் பழுது எல்லாம் அதிலிருந்துதான். ஆண்டுத் தொடக்கத்தில் வர வேண்டியது ஆண்டுக் கடைசியில் வரும். 2024-25இல் ஒன்றிய அரசு, இந்த மானியம் வருகிற சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான நிதியை நிறுத்தி வைத்தபோது என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊரும் அரசும் சேர்ந்து பள்ளியைத் தாங்குவது இங்கே புதிதல்ல. காமராசர் காலத்தில் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நிலமும் மேசையும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவே முதலில் ஊர் ஊராகக் கொடுத்துத் தொடங்கியது, பிறகுதான் அரசுத் திட்டம். மறுபக்கம், 2025 ஆகஸ்டில் மறைந்த வசந்தி தேவி அம்மாவின் வேலையையும் நினைத்துப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் 98 வரை துணைவேந்தராக இருந்தவர், கடைசிவரை பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் நின்று அரசுப் பள்ளிக்காகப் பேசியவர். பள்ளி மேலாண்மைக் குழு பலப்பட வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: அரசு தர வேண்டியது எதுவோ அதைத் தீர்மானமாகப் போட்டுக் கேளுங்கள், அது வந்துசேரும்வரை பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்கு மட்டும் உங்கள் காசு. தீர்மானத்தில் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். "முன்னாள் மாணவர்கள் பழுதுபார்க்கிறார்கள், தூய்மைப் பணியாளருக்கு ஊரக வளர்ச்சித் துறை தர வேண்டிய ஊதியத்தைக் குழு கோருகிறது." இப்படி.

#9 செங்காந்தள்

முதல் மதிப்பெண் பரிசைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்கு ஏற்கெனவே வீட்டில் ஏதோ ஓர் ஆதரவு இருக்கிறது. 1.5 லட்சத்துக்கு 7 சதம் என்றால் 10,500 ரூபாய். அதை ஒரே பிள்ளையிடம் கொடுத்து போட்டோ எடுப்பதைவிட, அதே காசைப் போக்குவரத்துக்கும் சான்றிதழுக்கும் செலவழித்தால் என்ன வருகிறது பாருங்கள்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றியத் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை: 1 முதல் 4 வரை வருஷம் 1,000, 5 முதல் 8 வரை 1,500, 9, 10க்கு 2,000, 11, 12க்கு 3,000. உங்கள் பள்ளியில் பீடி வீட்டுப் பிள்ளைகள் கீழ் வகுப்பில் 40, மேல் வகுப்பில் 50 என்று வைத்தால் 40,000 + 75,000 = 1,15,000 ரூபாய், ஒவ்வொரு வருஷமும். நீங்கள் 6 லட்சத்தையும் வங்கியில் போட்டாலும் இவ்வளவு வட்டி வராது.

வராமல் போவது எதனால்? அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்காது, அல்லது அட்டையில் ஒரு பேர், ஆதாரில் இன்னொரு பேர். முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, இந்த ஓர் எழுத்துக்கு விண்ணப்பம் திரும்பும். பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காது, அல்லது நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பள்ளியின் பொறுப்பாளர் தன் பதிவை முடிக்காமல் இருப்பார். பிள்ளை விண்ணப்பித்தாலும் பள்ளி சரிபார்க்காவிட்டால் அது அங்கேயே கிடந்து காலாவதி ஆகும். ஆதார் திருத்தத்துக்கும் வங்கிக்கும் போக அம்மா ஒரு நாள் பீடிக் கூலியை விட வேண்டும். அந்த நாளுக்குத்தான் யாரும் காசு கொடுப்பதில்லை.

செய்ய வேண்டியது: ஜூன் கடைசியில் இரண்டு சனிக்கிழமை பள்ளியிலேயே முகாம். மடிக்கணினி இரண்டு, கைரேகைக் கருவி ஒன்று, நகல் எடுக்க ஒரு பிரிண்டர், உள்ளூர் இ-சேவை மையத்துக்காரர் ஒருவர். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்குத் தலா 60 ரூபாய் கட்டணத்தை நிதியிலிருந்து கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை: ஆதார், சான்றுகள், பாஸ்புக் முதல் பக்கம், அட்டை நகல். இணையதளம் திறந்ததும் உறையை எடுத்து ஏற்றுவதுதான் பாக்கி. இதற்கு வருஷம் 10,000 போதும்.

அடுத்து எட்டாம் வகுப்பு. உங்கள் சார் கணக்கு வாத்தியார், அதற்கு இதைவிடப் பொருத்தமான நினைவு கிடையாது. என்எம்எம்எஸ், அதாவது தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேறி இடம் கிடைத்தால் 9 முதல் 12 வரை வருஷம் 12,000, நாலு வருஷத்தில் 48,000. பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள், ஏழாம் வகுப்பில் 55 சதம் வேண்டும், பட்டியல் இனத்தவருக்கு 5 சதம் தளர்வு. பிள்ளைகள் சறுக்குவது பாடத்தில் அல்ல, மனத்திறனில். எண் தொடர், உருவ ஒப்புமை, குறியீடு; இந்த வகைக் கேள்வியை முன்னால் பார்த்ததே இல்லை என்பதால். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், வாரம் ஒரு பழைய வினாத்தாள் நேரம் வைத்து. வினாத்தாள் நகல், ஓஎம்ஆர் தாள், சுண்டல், சொல்லிக்கொடுக்கிற பட்டதாரிக்கு மதிப்பூதியம். ஓஎம்ஆர் வட்டத்தை நிரப்பிப் பழகாமல் போகிற பிள்ளை வரிசை மாறிக் குறித்துவிட்டு வரும், அதைத் தவிர்க்கவே நாலு ஒத்திகையாவது வேண்டும்.

கிடைத்த பிறகும் விடாதீர்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவதால் பழைய பள்ளி "எங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லும், புதுப் பள்ளிக்குத் தெரியாது. உங்கள் குழுவில் ஒருவர் இந்தப் பிள்ளைகள் பட்டியலை மட்டும் நாலு வருஷம் வைத்திருந்தால் போதும்.

இன்னொன்று, சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பள்ளி மாணவருக்கு அரசு 75,000 வைப்பு நிதி தருகிறது. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே பல ஊரில் தெரியாது.

#10 கீழப்பாவூர்க்காரன்

செங்காந்தள் அக்கா, 1,15,000 கணக்கைக் குழுவில் போட்டேன். வளைவு கேட்டவர்களே வாயடைத்துப்போனார்கள். ஒரு கேள்வி: எட்டு முடித்து உயர்நிலைக்குப் பக்கத்து ஊர் போக நாலரைக் கிலோமீட்டர். பஸ் காலை 7.20க்கும் 9.50க்கும்தான். அந்த இடத்தில்தான் பெண் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

#11 செங்காந்தள்

அரசு சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான் வருகிறது. 9, 10 இரண்டு வருஷமும் இடைவெளி. சைக்கிளை இனாமாகக் கொடுக்காமல் இரவலாகக் கொடுங்கள்: ஒன்பதில் எடுத்து, 11இல் அரசு சைக்கிள் வந்ததும் திருப்பித் தர வேண்டும். பழைய சைக்கிளைச் சரி பண்ணினால் 5,000க்குள் முடியும். ஐந்தில் தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை டயர், டியூப், பிரேக் கட்டை பார்க்க உள்ளூர் சைக்கிள் கடையோடு பேசி வையுங்கள். அதைப் பேசாவிட்டால் ஒன்பதாவது மாதம் பஞ்சரோடு திண்ணையில் சாய்ந்து நிற்கும்.

வீட்டில் இதையும் சொல்லுங்கள்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் மாதம் 1,000, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மருத்துவத்தில் 7.5 சத உள்ஒதுக்கீடு. எட்டோடு கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் இதையெல்லாம் சேர்த்தே இழக்கிறார்கள்.

#12 தாளும் அட்டையும்

நூலகத்துக்குப் பணம் ஒதுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்கிறேன், கண்ணாடி பீரோ வாங்காதீர்கள். பூட்டு இருந்தால் பூட்டுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில்தான் புத்தகம் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

வழி உண்டு. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் "இந்தப் புத்தகங்கள் பயன்பாட்டில் தேய்பவை, ஆண்டுக்கு 15 சதம் வரை கிழிந்ததாகவோ தொலைந்ததாகவோ கழித்துக்கொள்ளலாம், நன்கொடையாளர் ஈடு செய்வார்" என்று ஒரு வரி. அதோடு பூட்டு திறந்துவிடும்.

300 புத்தகம், சராசரி 100 ரூபாய், 30,000. பெயர் வெளியே தெரிகிற மாதிரி முகம் காட்டி அடுக்குகிற தட்டு மூன்று, நாலரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம், 15,000. பாதிக்கு மேல் படக்கதை, 16 அல்லது 24 பக்கம், பக்கத்துக்கு நாலு வரி. நடுநிலைப் பள்ளிக்கு இது சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை உண்டு, அதன் கையில் 200 பக்க வரலாற்று நாவலைக் கொடுத்தால் நூலகப் பக்கமே திரும்பாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகளில் 40, 50 ரூபாய்க்கே நல்லவை கிடைக்கின்றன. தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்கள் அரசே தருகிறது, அதற்குக் காசு போடாதீர்கள். வீட்டுப் பரணிலிருந்து பழைய வழிகாட்டி நூல்களையும் ராசிபலன் மலர்களையும் மூட்டை கட்டி அனுப்புகிற பழைய மாணவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

சிங்கப்பூர் நண்பருக்கு ஒரு வேலை தரலாம்: பட்டியல் தயாரிப்பது. அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

#13 மேற்கு மாடவீதி

பூட்டைப் பற்றிய விளக்கம் அருமை. தொடக்க விழாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நோட்டு கொடுத்துப் படம் பிடித்து முகநூலில் போடுகிற வழக்கத்தையும் தீர்மானத்தில் சேர்த்துத் தடுத்துவிடுங்கள். முகம் தெரிகிற படம் வேண்டாம். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பழைய மாணவர் யாராக இருந்தாலும் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், தனியறையில் ஒரு பிள்ளையோடு யாரும் இருக்கக் கூடாது. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (கல்வி உதவி எண்) இரண்டும் சுவரில் இருக்கட்டும். இதைச் சொன்னால் "எங்களையே சந்தேகப்படுறீங்களா" என்று கோபப்படுகிறவரை வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

#14 கீழப்பாவூர்க்காரன்

குழுவில் பேசி மாற்றிய கணக்கு. ஒருதடவைச் செலவு: கழிப்பறை, தண்ணீர் 1.3 லட்சம்; புத்தகம், தட்டு 45,000; சைக்கிள் ஐந்து 25,000. ஆக 2 லட்சம். பாக்கி 4 லட்சம் வைப்பு, 7 சதத்தில் வருஷம் 28,000. அதோடு 40 பேரும் மாதம் 250 சந்தா: வருஷம் 1,20,000. மொத்தம் 1,48,000.

வருஷச் செலவு: கழிப்பறை கழுவுகிற அம்மாவுக்கு மாதம் 5,000 வீதம் 10 மாதம் 50,000, புத்தக ஈடும் புதுப் புத்தகமும் 15,000, சான்றிதழ் முகாம் 10,000, சனிக்கிழமை வகுப்பு 30,000, சில்லறைப் பழுது 15,000, சைக்கிள் 5,000. ஆக 1,25,000. சரியா?

#15 வரவு செலவு

கூட்டல் சரி, நம்பிக்கைதான் அதிகம். முதல் வருஷம் 40 பேரும் கட்டுவார்கள். மூன்றாவது வருஷம் நூற்றுக்கு 60 வந்தால் நல்ல குழு. 72,000 + 28,000 = 1 லட்சம். நிரந்தரச் செலவை அதற்குள் அடக்குங்கள். வட்டி 6 சதத்துக்கு இறங்கினால் இன்னும் 4,000 குறையும். சனிக்கிழமை வகுப்பை 15,000க்குக் குறைத்து, ஆசிரியர் மதிப்பூதியத்தை ஆகஸ்ட் முதல் தேர்வு வரைக்கும் மட்டும் வையுங்கள். சில்லறைப் பழுதில் 5,000 குறையுங்கள். முதல் இரண்டு வருஷம் மிஞ்சுகிறதை வைப்போடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருஷத்தில் அந்த 28,000க்கு இன்று வாங்குவதைவிட மிகக் குறைவாகத்தான் வாங்க முடியும்.

சந்தாவை வங்கியில் தானியங்கிக் கட்டளையாக முதல் நாளே போட வையுங்கள். மாதாமாதம் வாட்சாப்பில் ஞாபகப்படுத்தி வசூலித்தால் வசூலிக்கிறவர் ஆறு மாதத்தில் வெறுத்துப்போவார்.

#16 கொத்தனார் மகன்

கழுவுகிற அம்மாவுக்குச் சம்பளம் மட்டும் போட்டிருக்கிறீர்கள். துடைப்பம், பினாயில், கையுறை, பூட்ஸ், வாளி? மாதம் 600 ஆகும். ஆசிட் வாங்கிக் கொடுக்காதீர்கள், ஓட்டின் பூச்சு போய் நாற்றம் நிரந்தரமாகத் தங்கிவிடும், அவர் கையும் போகும். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு மூடி போட்ட கூடை ஒன்றும் நாப்கின் எரிக்கிற சின்ன அடுப்பும் கட்டாயம். இல்லாவிட்டால் எல்லாம் குழிக்குள் போய் அடைக்கும்.

#17 கீழப்பாவூர்க்காரன்

10 மாதம் 6,000 சேர்த்தேன், மொத்தம் 1,11,000. வகுப்பையும் பழுதையும் மேலே சொன்னபடி குறைத்தாயிற்றே, இன்னும் 11,000 எங்கே வெட்டுவது என்று பார்க்கிறோம். சைக்கிள் பழுதுச் செலவை துபாய் நண்பர் தனியாக ஏற்றுக்கொள்கிறார், 1,06,000. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. கடிதம் எழுதியாகிவிட்டது.

#18 வேம்படி

கடிதத்தில் சார் பேரை மேலே போடாமல் கோரிக்கையை மேலே போடுங்கள். 6,000 இடிக்கிறது என்றால் முதல் வருஷம் புது நூலகத்தில் ஈடு செய்ய ஒன்றும் இருக்காது, அந்த 15,000த்தில் எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு முன்னால் குழுத் தலைவர் அம்மாவை அவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள், சாயங்காலம், பீடி ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு.